மரக்கடை மெம்பர்

தென்காசி
18-6-1934

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை முத்துவடிவு வணக்கத்துடன் எழுதுவது. சென்னையில் வெயில் தணிந்ததா? உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? மதினி காலமான பிறகு ஓட்டல் சாப்பாடே கதி என்று இருக்கிறீர்கள். மோராவது நிறையக் குடியுங்கள். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. நலம் என்று எழுதத்தான் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா மரக்கடையில் விழுந்துவிட்டார்கள். ஆரியங்காவிலிருந்து வந்த தேக்குத் தடிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்ற அப்பா அப்படியே சரிந்துவிட்டார்கள். நல்லவேளை, மாடன் மேஸ்திரி பக்கத்தில் நின்றதால் தாங்கிப் பிடித்துவிட்டார். டாக்டர் பக்கவாதம் என்கிறார். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சுக் குழறுகிறது. நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது. நேற்று மூன்று தடவை, “பாலு வருதானா?” என்று கேட்டார்கள். காலேஜ் திறந்திருக்கும் சமயம், உங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று சொன்னதும் அவர்கள்தான்.

கடையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் கடையத்திலிருந்து புருஷன் வீட்டை விட்டு வந்த இந்த நாலு வருஷத்தில் அப்பாவோடு தினமும் கடைக்குப் போய் வந்ததில் தேக்கும் வேங்கையும் அறுப்பும் அளவும் தெரிந்துகொண்டிருக்கிறேன். மேஸ்திரியும் கூட இருக்கிறார். ஆனால் கையெழுத்துப் போட ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்ளும்,
தங்கை முத்துவடிவு

*

சென்னை
23-6-1934

பிரியமுள்ள முத்துவுக்கு அண்ணன் பால்வண்ணநாதன் ஆசீர்வாதம். என் வயிற்றுவலியை விட்டுத் தள்ளு. அப்பாவுக்குக் கஞ்சி இறங்குகிறதா? நீ தூங்குகிறாயா?

உன் கடிதத்தைப் படித்த கையோடு பிரின்ஸிபாலிடம் போய் இரண்டு மாத லீவு கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார். வியாழக்கிழமை விருதுநகர் வழியாக வந்து சேருகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா படுத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. லீவு கிடைத்ததும் மனசு லேசாகிவிட்டது. பத்து வருஷமாக அதே மேஜையில் அதே பூவைப் பிய்த்து, இது மகரந்தம், இது சூலகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்பது பையன்களில் முப்பத்தைந்து பேர் தூங்குகிறார்கள். குற்றால மலைச் செடிகளைப் பற்றி நான் எழுதத் தொடங்கிய புத்தகமும் பாதியில் நிற்கிறது. ஒரு வருஷமாகவே எனக்கு இங்கே கால் தரிக்கவில்லை. கடையில் நாலு பேரோடு நின்று வேலை செய்தால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.

இரண்டு மாதம்தான். அதற்குள் அப்பா எழுந்து நடமாடிவிடுவார்கள்.

உன் அண்ணன்,
பால்வண்ணநாதன்

*

சுரண்டை
9-12-1936

பிரியமுள்ள முத்துவுக்கு ஆசீர்வாதம். நீ நலமாயும் கோபமாயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை செங்கோட்டைக்குத் தடி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டவன் எட்டு நாளாகியும் திரும்பவில்லை. ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ ஏதாவது கேட்பாய், எனக்குப் பதில் தெரியாது. அதனால் சொல்லவில்லை.

சட்டசபைத் தேர்தலுக்கு நம் பக்கத்தில் படித்த ஆளாக ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செங்கோட்டைக்கு வந்திருந்த கட்சிக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். காலேஜ் வாத்தியார், வியாபாரமும் தெரிந்தவர், யாரிடமும் பகையில்லாதவர் என்று அவர்களே காரணமும் சொன்னார்கள். சரி என்றுவிட்டேன். நேற்று ஒரு கிராமத்தில் பேசினேன். இன்று சுரண்டைச் சந்தையில் நின்று பேசினேன். நானூறு பேர் மூட்டையைத் தலையில் வைத்தபடியே நின்று கேட்டார்கள், முத்து. ஒருவரும் தூங்கவில்லை.

இரண்டு மாதம் என்று வந்தவன் இரண்டரை வருஷம் இருந்துவிட்டேன். அப்பா போய் வருஷம் திரும்பிவிட்டது. காலேஜில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று. கடையில் நான் என்ன செய்தேன்? தடியைப் பார்த்தால் அது நின்ற மலைதான் ஞாபகம் வருகிறது. விலை பேசும்போது பாதியில் எழுந்து போய்விடுகிறேன் என்று மேஸ்திரி உன்னிடம் முறையிட்டது எனக்குத் தெரியும். இந்த வேலைதான் எனக்கு ஏற்றது என்று இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரி வரை கடையைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
பால்வண்ணநாதன்

*

தென்காசி
2-1-1937

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். ஊர் ஊராகத் தண்ணீர் மாற்றிக் குடிப்பது வயிற்றுக்கு ஆகாது. வெந்நீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். நான் நலம். மேஸ்திரிக்குத்தான் தோளில் தடி உரசிய புண் ஆறவில்லை.

நான் கோபமாக இல்லை. நீங்கள் செங்கோட்டை போய்த் திரும்பாத எட்டு நாளும் மலைப் பாதையில் ஏதாவது நடந்துவிட்டதோ என்று ஸ்டேஷனுக்கும் கடைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

அறுப்புக்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். இருபத்திரண்டு பேரும் அறுப்பு வாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். “அண்ணாச்சி மெட்ராசுக்குப் போனா நமக்கு நல்லதுதான ஆச்சி?” என்றார் மேஸ்திரி. “நல்லதுதான்” என்றேன். “அப்பம் கடைய ஆரு பாக்கா?” என்று இசக்கியப்பன் கேட்டான். மேஸ்திரி அவனைப் பார்த்து, “இத்தன நாளும் ஆருலே பாத்தா?” என்றார். எல்லோரும் மறுபடி வாளை எடுத்துக்கொண்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்றார்கள். என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்குத்தான் போடுவேன்.

ஒரு காரியம். அப்பாவுக்குப் பிறகு கடை உங்கள் பெயரில் இருக்கிறது. நான் கையெழுத்திட்டால் செல்லாது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் உங்களைத் தேடி ஆள் அனுப்ப முடியாது. என் கையெழுத்தும் செல்லும்படி ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு போங்கள்.

தொண்டையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கை முத்துவடிவு

*

சென்னை
20-8-1937

பிரியமுள்ள முத்துவுக்கு ஆசீர்வாதம். சாரல் எப்படி? அருவியில் இந்த வருஷம் தண்ணீர் நிறைய விழுகிறது என்று இங்கே குற்றாலம் போய்வந்த மெம்பர்கள் சொல்லும்போது பொறாமையாக இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உட்கார நேரமில்லை என்பதைத் தவிர.

காலையில் ஒரு கமிட்டி, மத்தியானம் சபை, சாயங்காலம் மனு கொண்டுவந்தவர்கள். ஏட்டு வேலை கேட்டு ஒருவர், கண்மாய் மடை கேட்டு ஒருவர், பஸ் கேட்டு ஒருவர். முதல் தடவை நான் எழுந்து பேசியது போன மாதம். காடுகளைப் பற்றித்தான் பேசினேன். பின் வரிசையில் யாரோ, “மரக்கடைக்காரர் மரத்தைப் பற்றிப் பேசுகிறார்” என்றார்கள். சபை சிரித்தது. அன்றிலிருந்து ‘மரக்கடை மெம்பர்’ என்றே எனக்குப் பெயராகிவிட்டது. நானும் சிரித்துவைத்தேன். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

வாத்தியாராக இருந்தபோது வெளியே போகத் தோன்றியது, கடையில் இருந்தபோது மலைக்குப் போகத் தோன்றியது என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இங்கே அப்படித் தோன்றவில்லை. தோன்ற விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

அதிகாரப் பத்திரம் பற்றி எழுதியிருந்தாய். அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உன் அண்ணன்,
பால்வண்ணநாதன்

*

தென்காசி
6-2-1938

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் பொங்கலுக்கு வருவீர்கள் என்று உங்கள் அறையைச் சுத்தம் செய்துவைத்திருந்தேன். வேலை அதிகம் போலிருக்கிறது. சுகந்தானே? இங்கே பனி. மற்றபடி சுகம்.

திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து தடி வருவது குறைந்துவிட்டது. அங்கே புதிதாக ஏதோ கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். செங்கோட்டை சேக் தாவூது அண்ணாச்சி, அப்பாவுக்கு முப்பது வருஷம் தடி கொடுத்தவர்கள், “நா என்ன செய்ய ஆச்சி, மலையே வாயப் பொத்திக்கிட்டு கெடக்கு” என்கிறார்கள். அறுப்புக்காரர்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

இந்த நிலையில் குற்றாலத்துக்கு மேலே, செண்பகாதேவி அருவிக்கும் மேற்கே, ஒரு ஜமீனுக்குச் சொந்தமான சரிவில் நானூறு மரம் வெட்டிக்கொள்ளக் குத்தகை தருகிறோம் என்று ஜமீன் காரியஸ்தர் வந்து சொன்னார். ஒப்பந்தப் பத்திரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சரிவின் படமும் மரங்களின் பட்டியலும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சரிவில் ஊற்றும் ஓடையும் அதிகம் என்று மேஸ்திரி சொல்கிறார். அங்கே வெட்டலாமா, வெட்டினால் அருவிக்குக் கெடுதல் வருமா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் மரம் படித்தவர்கள், அந்த மலையெல்லாம் ஏறி இறங்கியவர்கள். நிதானமாகப் படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் மட்டும் கையெழுத்திடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை முத்துவடிவு

*

சென்னை
11-2-1938

முத்துவுக்கு ஆசீர்வாதம். நான் சுகம். பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நல்ல ஏற்பாடு. வண்டிக்கு நேரமாகிவிட்டது, விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

பால்வண்ணநாதன்

*

சென்னை
30-8-1938

பிரியமுள்ள முத்துவுக்கு ஆசீர்வாதம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதத் தொடங்கி இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

பேப்பர் தென்காசிக்கு வந்திருக்கும். நீ படித்திருப்பாய். நடந்ததை நானே உனக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலையில் குற்றாலம் வியாபாரிகளும் கீழே வயல் வைத்திருப்பவர்களுமாக முந்நூறு பேர் கையெழுத்திட்ட மனு எனக்கு வந்தது. செண்பகாதேவி அருவிக்கு மேலே காட்டை வெட்டுகிறார்கள், இந்த வருஷம் அருவியில் செம்மண் கலங்கி விழுகிறது, ஊற்றுகள் அடைபடுகின்றன என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சரிவு எனக்குத் தெரியும். மலையில் தண்ணீர் பிடித்துவைக்கும் இடமே அதுதான். சபையில் கேள்வி கேட்டேன். வெட்டை உடனே நிறுத்த வேண்டும் என்று பத்து நிமிஷம் பேசினேன். அதைப் போல நான் பேசியதே இல்லை. சபை கப்சிப் என்று கேட்டது.

பேசி உட்கார்ந்ததும் எதிர்க்கட்சி மெம்பர் ஒருவர் எழுந்தார். “அந்த மரத்தை வெட்டுவது யார் என்று கனம் மெம்பருக்குத் தெரியுமா? ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறதே” என்றார். அந்த நிமிஷம் வரை எனக்கு அது நம் குத்தகை என்று உறைக்கவில்லை, முத்து. சத்தியமாக உறைக்கவில்லை. முன்னும் பின்னும் சிரிப்பு. ‘மரக்கடை மெம்பர், மரக்கடை மெம்பர்’ என்று நாலு பக்கமும் குரல். நான் எழுந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. “கடையை என் சகோதரி நடத்துகிறாள். எனக்குத் தெரியாமல் என் பெயரை உபயோகித்திருக்கிறாள்” என்று சொல்லிவிட்டேன்.

அவசரத்தில் வந்த வார்த்தை. நீ பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன். உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். பத்து நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ஒரு கார்டாவது போடு.

உன் அண்ணன்,
பால்வண்ணநாதன்

*

தென்காசி
14-11-1938

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் உடம்பு நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத இரண்டரை மாதம் ஆகிவிட்டது. எழுத நேரம் இருந்தது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

நீங்கள் பேசிய மறுவாரமே ஜமீன் பயந்துபோய்க் குத்தகையை நிறுத்திவிட்டது. தொண்ணூறு மரம் விழுந்திருந்தது. மற்றவை நிற்கின்றன. அறுப்புக்காரர்களில் ஒன்பது பேர் மேற்கே தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விட்டார்கள். இசக்கியப்பனும் போய்விட்டான்.

உங்களை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்ற வக்கீல் ஆறுமுகநயினார் செப்டம்பரில் கடைக்கு வந்தார். கடை வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

“ஒங்க அண்ணாச்சி ஒங்களப் பத்தி சபையில இப்பிடிச் சொல்லிட்டாவளே. கேட்டதுலேர்ந்து எனக்கு மனசு சரியில்ல.”

“சொன்னது எங்க அண்ணன். உங்களுக்கு எதுக்கு மனசு சரியில்ல?”

“பத்திரத்த நீங்கதான அனுப்பினிய. அவிய கையெழுத்துப் போட்டு திருப்பி அனுப்பும்போது கூட ஒரு கடுதாசி வச்சிருப்பாவ. அத எங்கிட்ட ஒருநா மட்டும் குடுங்க. ஒங்க பேரக் காப்பாத்திக் குடுத்திருதேன்.”

“எம் பேரக் கெடுத்தவியதான் காப்பாத்தணும்” என்றேன்.

அவர் போன பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘படித்துப் பார்த்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். படம் வைத்துக் கட்டியிருந்த நூல் பிரிக்காமலே திரும்பி வந்தது. தெரிந்தும் நான் மரத்தை வெட்டச் சொன்னேன். அது என் தப்பு. உங்களுக்கு இன்னொரு கடிதம் எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

போன மாதம் மேஸ்திரியை அழைத்துக்கொண்டு அந்தச் சரிவுக்கு ஏறிப்போனேன். வெட்டாத பக்கத்தில் பகலிலும் இருட்டு. இலையிலிருந்து சொட்டுகிறது, கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர் கசிகிறது. வெட்டிய பக்கத்தில் மண் கரைந்து வேர் வெளியே தெரிகிறது. ஒரு ஊற்று இருந்த இடத்தில் வெறும் சேறு. மேஸ்திரி குனிந்து அந்த வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “இந்தக் கையாலதான் ஆச்சி வெட்டினேன். வெட்டும்போது ஒண்ணும் தெரியலியே” என்றார்.

மரத்தைப் பற்றி நீங்கள் சபையில் சொன்னது உண்மை. கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன். என்னைப் பற்றிச் சொன்னது பொய். கேள்வி கேட்பதற்கு முன் எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் வெட்டை நானே நிறுத்தியிருப்பேன்.

யாரும் நம்ப மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சேக் தாவூது அண்ணாச்சியிடம் மறுபடியும் கொஞ்சம் தடி வந்திருக்கிறது. கேட்கப் போனேன். “குடுக்கேன் ஆச்சி. ஆனா ஒங்க அண்ணாச்சி கைப்பட எழுதி வரட்டும். சபையிலயே அப்பிடிச் சொன்னதுக்குப் பெறவு நா என்ன செய்ய?” என்றார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதையேதான் கேட்கிறார்கள், வேறு வேறு வார்த்தையில்.

எனக்கு இரண்டு காரியம் வேண்டும். எங்கே சொன்னீர்களோ அங்கேயே எழுந்து, அது உண்மையில்லை என்று சொல்லுங்கள். இரண்டாவது, கடையை என் பெயருக்கு மாற்றிப் பத்திரம் தயார் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதையாவது படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

தங்கை முத்துவடிவு

*

சென்னை
9-1-1939

பிரியமுள்ள முத்துவுக்கு ஆசீர்வாதம். எனக்குப் பதினைந்து நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை. நீ நலமா? மேஸ்திரியின் தோள் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். நீ கேட்டது நியாயம். ஆனால் இங்கே உள்ள நிலைமை உனக்குத் தெரியாது. கட்சியில் பெரியவர்களிடம் பேசினேன். இப்போது எழுந்து மறுத்தால், சபையில் பொய் சொன்ன மெம்பர் என்று எதிர்க்கட்சி பிடித்துக்கொள்ளும், காட்டைப் பாதுகாக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் சட்டமும் கெட்டுப்போகும், பேசாமல் இருங்கள் என்கிறார்கள். அந்தச் சட்டம் வந்தால் மலை முழுக்கக் காப்பாற்றப்படும். நீயே போய்ப் பார்த்திருக்கிறாய். அடுத்த கூட்டம் முடியட்டும். அதற்குள் சேக் தாவூதுக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதிவிடுகிறேன்.

பத்திரம் பத்திரமாக இருக்கிறது. அப்பா வைத்த பெயர் உள்ள கடை. அவசரப்பட வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கோபப்படாமல் பதில் எழுது.

உன் அண்ணன்,
பால்வண்ணநாதன்

*

சென்னை
18-8-1939

முத்துவுக்கு அண்ணன் எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒன்பது மாதமாக எனக்குத் தெரியாது. மார்ச்சில் ஒன்றும் மே மாதத்தில் ஒன்றுமாக இரண்டு கார்டு போட்டேன். பதில் இல்லை. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கேட்டால், “கடை திறந்திருக்கு” என்று மட்டும் சொல்கிறார்கள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் பத்திரத்தைச் சனிக்கிழமை எடுத்துப் பிரித்தேன். நாலு பக்கம். முதல் வரியிலிருந்து கடைசி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் படித்தேன். என் வாழ்க்கையில் நம் கடையைப் பற்றிய காகிதத்தை நான் முழுக்கப் படித்தது இதுதான் முதல் தடவை. எந்தத் தடி எந்த அடுக்கில் கிடக்கிறது, எந்த அறுப்புக்காரர் எந்த வருஷம் சேர்ந்தார், எல்லாம் எழுதியிருக்கிறாய். அப்பா விழுந்த நாளிலிருந்து கடையை நடத்துவது நீ என்பது அதில் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. நான் இருந்த இரண்டரை வருஷமும் சேர்த்துத்தான்.

கையெழுத்திட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சபாநாயகரிடம் சொந்த விளக்கம் சொல்ல அனுமதி கேட்டேன். மூன்று நிமிஷம் கொடுத்தார். கட்சிக்காரர் ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எழுந்து நின்றேன். எழுதிக்கொண்டு போனதைத்தான் படித்தேன். சொந்தமாகப் பேசினால் வேறு எங்காவது போய்விடுவேன் என்று பயம்.

“போன வருஷம் இந்தச் சபையில் என் சகோதரி எனக்குத் தெரியாமல் என் பெயரை உபயோகித்ததாகச் சொன்னேன். அது பொய். அந்த ஒப்பந்தத்தை அவள் எனக்கு அனுப்பி, அங்கே வெட்டலாமா என்று என்னிடம் கேட்டாள். நான் படிக்காமல் கையெழுத்திட்டு, படித்ததாக அவளுக்கு எழுதினேன். பிழை என்னுடையது.”

இவ்வளவுதான். சாப்பாட்டு நேரம், சபையில் பாதிப் பேர் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. சபாநாயகர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வியாழனும் வெள்ளியும் எல்லாப் பேப்பரையும் வாங்கிப் புரட்டினேன். ஒன்றிலும் ஒரு வரி கூட இல்லை. பொய் சொன்னதைக் கட்டம் கட்டிப் போட்டார்கள். இதைப் போடவில்லை.

கட்சியில் கூப்பிட்டு, ராஜிநாமா எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். காட்டுச் சட்டம் எந்தக் கமிட்டியில் தூங்குகிறதோ, அது இனி என் கையில் இல்லை. பழைய காலேஜுக்குப் போய்ப் பார்த்தேன். என் மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல பையன், என்னிடம் படித்தவன். எழுந்து நின்று வணங்கினான். நான் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றேன்.

எங்கே போவது என்று தெரியவில்லை, முத்து. ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நான் தென்காசிக்கு வரலாமா? கேட்காமல் வர எனக்கு இப்போது தைரியம் இல்லை.

பால்வண்ணநாதன்

*

தென்காசி
23-8-1939

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். காய்ச்சல் மறுபடி வராமல் இருக்கிறதா? நான் நலம். மேஸ்திரியும் நலம்.

பத்திரம் வந்தது. ஒன்பது மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். எழுதினால் கோபத்தில் ஏதாவது எழுதிவிடுவேன், அதை வைத்துக்கொண்டு நீங்கள் இன்னும் ஒரு கூட்டத்தைத் தள்ளிப்போடுவீர்கள் என்று பேசாமல் இருந்தேன்.

பேப்பரில் வரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்றுச் செங்கோட்டைக்கு பஸ்ஸில் போனேன். சேக் தாவூது அண்ணாச்சி கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சபையில் நீங்கள் சொன்ன பாகத்தை மட்டும் நின்றுகொண்டே படித்தேன். அண்ணாச்சி கேட்டுவிட்டு, “இன்னொருக்க படிங்க ஆச்சி” என்றார்கள். படித்தேன். “நாங்கூட நம்பிட்டேனே” என்றார்கள். பிறகு உள்ளே நின்ற கடைப் பையனிடம் திரும்பி, “ஏலே மசூது, தென்காசி ஆச்சிக்கு வேங்கத் தடி பன்னெண்ட ஒதுக்கு. கடுதாசி ஒண்ணும் வேண்டாம்” என்று சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

கடையில் இப்போது பதினாறு பேர். இசக்கியப்பன் தோட்டத்திலிருந்து திரும்பிவிட்டான். செண்பகாதேவி அருவிப் பக்கத்து மரம் எதற்கும் நாங்கள் போவதில்லை. ஆறுமுகநயினார் ஒருநாள் வழியில் பார்த்து, அந்தக் கடுதாசி இன்னும் இருக்கா என்று கேட்டார். அடுப்பில் போட்டாயிற்று என்றேன். போட்டதும் உண்மை. நீங்கள் சபையில் எழுந்து உண்மையைச் சொன்னது எனக்குத் தெரிவதற்கு முன்பே போட்டுவிட்டேன். வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் கொடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் வீடு. உங்கள் அறை அப்படியே இருக்கிறது. கடையில் உங்களுக்கு வேலை தர முடியாது. வேலை செய்கிறவர்கள் குழம்பிப்போவார்கள், நீங்களும் ஆறு மாதத்தில் எழுந்து போய்விடுவீர்கள். நீங்கள் எதையும் முழுக்கச் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு நீங்கள் நின்றது எனக்குப் போதும். மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருவதானால் வாருங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். திரும்பப் போவதானால் மட்டும் என்னிடம் சொல்லிக்கொண்டு போங்கள்.

தங்கை முத்துவடிவு

பின்குறிப்பு: விருதுநகர் வண்டி இப்போது அரைமணி முந்தி வருகிறது. நான் ஸ்டேஷனில் இருப்பேன்.